சாவு சொன்ன தண்ணீர்

வரிசையில் பதினேழாவது ஆள் பிரகாசி. மூன்று தடவை எண்ணியாயிற்று, எண்ணினால் குறைந்துவிடுமா என்ன. முன்னால் பதினாறு பேர், ஆளுக்கு இரண்டு வாளி, பைப்பில் வருவதோ சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை, பத்தரை மணிக்கு அதுவும் நின்றுவிடும். சிராங்கூன் சாலையில் இந்தப் பைப்படியை விட்டால் அடுத்தது அரை மைல் தள்ளி. ஜப்பான்காரன் வந்து மூன்று வருஷம் ஆகிறது. சிங்கப்பூர் என்கிற பெயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு சோனான் என்று வைத்தான், பெயர் வைக்கத் தெரிந்தவனுக்குக் குழாயில் தண்ணீர் விடத் தெரியவில்லை. வீட்டில் செசிலி ஜுரத்தில் கிடக்கிறாள். ஒன்பது வயசுப் பிள்ளை, உதடு வெடித்து வெள்ளையாகத் தோல் உரிந்து நிற்கிறது. விடியற்காலையில் பானையைக் கவிழ்த்து வழித்து முக்கால் டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் பிரகாசி. திருடனுக்குப் பயந்து பூட்டவில்லை. திருட என்ன இருக்கிறது, மரவள்ளிக் கிழங்கும் ஒரு மாதா படமும். ஜுரத்தில் பிள்ளை பிதற்றுகிறாள், அதற்குத்தான் பூட்டு. நேற்று மத்தியானம் பிதற்றினாள். அம்மா அம்மா என்றாள், அப்பா எங்கே என்றாள், அப்புறம் தெளிவாக, மணி அடித்த மாதிரி, அப்தாலெக் என்றாள். பிரகாசி பிள்ளையின் வாயைப் பொத்தினாள். ஜுரத்தில் கொதிக்கிற வாயைப் பெற்ற தாய் உள்ளங்கையால் பொத்தினாள். இப்போதும் அந்தச் சூடு கையில் இருக்கிறது, வாளியின் வளையத்தை இறுக்கிப் பிடித்தால் கொஞ்சம் தணிகிற மாதிரி இருக்கிறது.

அந்தச் சொல்லைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது யார், இவள்தான். தொட்டிலில் போட்டு ஆட்டுகையில் நாக்குத் தவறி வந்துவிட்டது, ஒரு தடவை இல்லை, நூறு தடவை. உனக்கு வருகிற கெடுதல் எனக்கு வரட்டும் என்று அர்த்தம். பாக்தாதிலிருந்து வந்த யூதக் குடும்பங்களில் பிள்ளையைக் கொஞ்சுகிற சொல். பிரகாசியின் அம்மா கத்தூன் இவள் தலையைப் பிசைந்து எண்ணெய் வைக்கும்போது சொல்வாள், முள் குத்தினால் சொல்வாள், சும்மா போகும்போதும் வரும்போதும் சொல்வாள். அப்போது இவள் பிரகாசி இல்லை. பர்ஹா. மிடில் ரோட்டுப் பக்கம் துணிக்கடை வைத்திருந்த ஹெஸ்கேலின் ஒரே மகள் பர்ஹா. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, கடைக்குக் கணக்கு எழுத வந்த வியாகுலம் என்கிற தமிழ்க் கிறிஸ்தவனோடு கிளம்பிப் போய், கோயிலில் பாதர் தலையில் தண்ணீர் ஊற்றி பிரகாசி என்று பெயர் வைக்க, மாலை மாற்றிக்கொண்டாள். நிறத்துக்கும் பேச்சில் இருக்கிற கோணலுக்கும் வியாகுலம் ஒரு கதை கட்டினான்: இவள் புதுச்சேரிக்காரி, தாத்தா வழியில் பிரெஞ்சு ரத்தம். சாலை முழுக்க நம்பிற்று. முன்னால் நிற்கிற இந்தச் செங்கமலம்கூட நம்பினாள். நம்பினாளா? செங்கமலத்தின் முதுகில் ஒன்றும் தெரியவில்லை. ரவிக்கையில் மூன்று ஒட்டு, கழுத்தில் வேர்க்குரு, அவ்வளவுதான். போன மாசம் இதே முதுகுதான் ரகசியப் போலீஸ் ஆபீசுக்கு நடந்து போயிற்று. சீனத் தையல்காரன் அறையில் ரேடியோ முனகுகிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் தையல்காரனைக் காணோம், செங்கமலம் வீட்டில் அரிசிச் சோறு. அரிசிச் சோறு! வாசம் தெருக்கோடி வரைக்கும் வந்தது. ஒரு கிண்ணம் செசிலிக்கு என்று கொண்டுவந்தும் கொடுத்தாள் மகராசி. பிள்ளை அள்ளி அள்ளித் தின்றது, பிரகாசி பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரனுக்கு இரண்டு பெண்கள்.

"புள்ளைக்கு எப்படிடி இருக்கு?" செங்கமலம் திரும்பினாள். "காயுதா இன்னும்?" தேவலை அக்கா என்றாள் பிரகாசி. "என்ன தேவலை, ராவெல்லாம் சத்தம் கேட்டுச்சே. ஓமத்தைத் தட்டிக் கொதிக்கவச்சுக் குடுன்னு சொன்னேன்ல. என்னமோ புதுசா ஒரு பேச்சு பேசுறா உன் மக. என்ன பாஷைடி அது?" பிரெஞ்சு அக்கா. எங்க தாத்தா பேசுவாரு. சொல்லிவிட்டுச் சிரித்தாள் பிரகாசி. இந்த மூன்று வருஷத்தில் சிரிப்பைப் பழகியிருக்கிறாள் பாருங்கள், பல் தெரியாமல், கண்ணுக்குப் போகாமல், உதட்டோடு நிற்கிற சிரிப்பு. செங்கமலம் இவள் முகத்தை ஒரு நிமிஷம் அதிகமாகவே பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் எவ்வளவு மெல்லிசு. பலகைச் சுவர், நடுவில் ஆணி போன ஓட்டை. அந்த ஓட்டையில் சோற்றை உருட்டி வைத்து அடைக்கலாம், சோறு எங்கே இருக்கிறது. யூதப் பெண் வயிற்றில் பிறந்தது யூதப் பிள்ளை, அப்பன் யாராயிருந்தாலும் சரி. அது இவர்கள் முறை, ஜப்பான்காரனுக்குத் தெரியுமோ தெரியாதோ பிரகாசிக்குத் தெரியும். இவளைப் பிடித்தால் பிள்ளையையும் சேர்த்துத்தான் அள்ளுவார்கள். வியாகுலம் இருந்தால் ஏதாவது கதை கட்டுவான். அவனை சயாம் ரயில்பாதை வேலைக்கென்று ஏற்றிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆயிற்று, கடிதாசும் இல்லை காக்காயும் இல்லை.

பதினாலு பேர். வெயில் ஏறுகிறது. தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் முதலில் தகரத்தில் கணகணவென்று, அப்புறம் தண்ணீரில் தண்ணீர் விழுகிற மெத்தென்ற சத்தம். அந்தச் சத்தம் கேட்டாலே இவளுக்கு அந்த வெள்ளிக்கிழமை வந்து நிற்கும். கல்யாணம் ஆன மறுநாள். புத்தி இருக்கிறவள் போவாளா, இவள் போனாள், ஒரு தடவை அம்மாவைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று. எதிர்ச்சாரியில் காப்பிக்கடை மறைவில் நின்றாள். மாடி வராந்தாவுக்கு அம்மா வந்தாள். இடுப்பில் பெரிய குடிதண்ணீர் ஜாடி. அதைக் கம்பி இடுக்கில் சாய்த்துக் கொட்டினாள். உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தாள், கொட்டினாள். கூஜா, பானை, அப்பாவின் கட்டில் பக்கத்துச் செம்பு, எல்லாம் வந்தது, எல்லாம் சாக்கடைக்குப் போயிற்று. பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு அவளும் உள்ளே போய்த் தன் ஜாடியைக் கொண்டுவந்து கொட்டினாள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இறைத்து வைத்த தண்ணீர் ஒரு சொட்டு மீதி வைக்கக் கூடாது. சின்ன வயசில் பர்ஹா அப்பாவிடம் கேட்டிருக்கிறாள், எதற்கு அப்பா நல்ல தண்ணியைக் கொட்டுறாங்க என்று. அப்பா மடியில் உட்கார வைத்துச் சொன்னார்: செத்தார்கள் என்று வாயால் சொல்வது கஷ்டம் அம்மா. சொல்கிற வாயும் நோகும், கேட்கிற காதும் நோகும். அதனால் கொட்டிவிடுகிறோம், ஈரத்தைப் பார்த்து ஜனங்கள் தெரிந்துகொள்வார்கள். அப்படித் தெரிந்துகொண்டாள் பர்ஹா, தான் செத்துப்போனதை. அம்மாவின் காப்பி நிறக் கவுனில் கழுத்தோரம் வலப்பக்கம் ஒரு சாண் கிழிசல். சாவு விழுந்தால் உடுத்திய துணியைக் கிழிப்பது யூதர் வழக்கம், பெற்றவர்கள் செத்தால் இடப்பக்கம், நெஞ்சுக்கு நேராகக் கிழிப்பார்கள். புருஷன், பிள்ளை, கூடப்பிறந்தவர்கள் என்றால் வலப்பக்கம். பிள்ளைக்கு வலப்பக்கம். ஏழு நாள் தரையில் உட்கார்ந்து துக்கம் கொண்டாடினார்களாம், பக்கத்தில் இருக்கிற பெண் மூச்சும் பேச்சுமாக நடமாடிக்கொண்டிருக்கும்போது.

சரி, போகட்டும், அதுதான் இவளைக் காப்பாற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரன் வந்ததும் யூதர்களை எல்லாம் வரச்சொல்லிப் பெயர் எழுதினான், கையில் வெள்ளைப் பட்டை கட்டச் சொன்னான். எழுதுகிற மேசையில் இருந்த குமாஸ்தா வியாகுலத்தின் கூட்டாளி, இவள் கதை தெரியாதவன். ராத்திரி வீட்டுக்கு வந்து வேடிக்கை மாதிரி சொன்னான்: ஒரு கிழவர் வந்தார்ப்பா, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன், ஒரே மகள், செத்துவிட்டாள் என்றார். எப்போது என்றேன், தேதி கிழமை மணி வரைக்கும் சொல்கிறார். வியாழக்கிழமை காலை பத்து மணி. வியாகுலம் இவளைப் பார்த்தான், இவள் அடுப்பைப் பார்த்தாள். கோயிலில் மாலை மாற்றிய நேரம். அன்றையிலிருந்து இந்த நிமிஷம் வரைக்கும் இதே இடத்தில்தான் இவள் புத்தி சிக்கிக்கொண்டு சுற்றுகிறது. பட்டியலில் பெயர் வராமல் இருக்கட்டும், மகள் பிழைக்கட்டும் என்று சொன்னாரா? இல்லை, அவருக்கு நிஜமாகவே செத்துவிட்டாளா? காப்பாற்றினாரா, கருமாதி செய்தாரா? கேட்கலாம் என்றால் அடுத்த வருஷமே ஆம்பிளைகளை எல்லாம் லாரியில் ஏற்றி முகாமில் அடைத்துவிட்டான். வரிசையில் முன்னால் இன்னும் பன்னிரண்டு பேர். பதினொன்று. பாவி மனசு, சோறு இல்லாவிட்டாலும் இதைத் தின்றே உயிர் வாழும் போலிருக்கிறது.

இவள் முறை வந்தபோது பத்து மணி தாண்டியிருக்கும். செங்கமலம் தன் வாளிகளை நகர்த்தி வைத்துவிட்டு, போகாமல், இடுப்பில் கை வைத்து நின்றாள். இவள் முதல் வாளி நிரம்பி இரண்டாவதை வைக்கிற நேரம், ஒரு லாரி புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு பைப்படி ஓரம் வந்து நின்றது. இஞ்சின் காய்ந்துவிட்டது. பட்டாளத்துக்காரன் ஒருத்தன் குதித்து வந்து, பிரகாசியின் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய் இஞ்சினில் ஊற்றினான். விடிந்ததிலிருந்து கால்கடுக்க நின்று பிடித்த தண்ணீர். காலி வாளியை இவள் காலடியில் வீசினான். அப்போதுதான் லாரியின் பின்பக்கம் பார்த்தாள். பொம்பிளைகள். முப்பது பேர் இருக்கும், கிழவிகள், குழந்தைக்காரிகள், மூட்டை முடிச்சுகள், எல்லோர் கையிலும் வெள்ளைப் பட்டை. "யூதக்காரிங்க," என்றாள் செங்கமலம். "இப்ப பொம்பளைங்களையும் அள்ளுறான் போலருக்கு." மேலே இருந்து ஒரே குரலாகத் தண்ணீர் தண்ணீர் என்று மலாயில் கெஞ்சினார்கள். பட்டாளத்துக்காரனுக்கு என்ன தோன்றியதோ, ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு கிழவியை மட்டும் துப்பாக்கிக் கட்டையால் தட்டி, இறங்கு, நீ ஒருத்தி போய்ப் பிடித்துக்கொள் என்று கை காட்டினான். கிழவி இறங்கினாள். நீலக் கவுன், கையில் ஒரு பாட்டில். இடது முட்டியைக் கையால் தாங்கிக்கொண்டு நடக்கிற நடை. முகத்தைப் பார்க்கவே வேண்டாம், அந்த நடையே போதும். கத்தூன். அம்மா.

கடவுளே, கூப்பிட்டுவிடாதே. அம்மா, கூப்பிட்டுவிடாதே. அந்தப் பெயரைச் சொல்லிவிடாதே, உன்னைக் கும்பிடுகிறேன். பதினோரு வருஷம் கழித்துப் பெற்றவளைப் பார்க்கிறவளுக்கு நெஞ்சில் எழும்பியது இதுதான், வேறு ஒன்றும் இல்லை, பாசமும் இல்லை மண்ணும் இல்லை. கிழவி இந்தப் பக்கம் திரும்பினால் ஓடிவிடலாமா? வாளி? பிள்ளை? செங்கமலத்தின் கண் இரண்டு முகத்துக்கும் மாறி மாறிப் போகிறதோ? மூக்கு ஒரே மூக்கு. ஐயோ, மூக்கை எங்கே ஒளிப்பது. பட்டாளத்துக்காரன் பிரகாசியைப் பார்த்து, நீதான், ஊற்று என்று அதட்டினான். இவள் வாளியில் விழுந்திருந்த தண்ணீரைத் தகரக் குவளையில் மொண்டு பாட்டில் வாயில் சாய்த்தாள். ஒரு முழத் தூரத்தில் அம்மா. எப்போதும் அவள் மேல் வீசுகிற ஏலக்காய் வாசம் போய்விட்டது, வேர்வை நாற்றம் மட்டும். பாட்டிலைப் பிடித்த கட்டை விரலில் நகம் பிளந்த பழைய தழும்பு. நீலக் கவுனின் கழுத்தோரம் வலப்பக்கம் கிழிந்து தொங்கியது. நூல் பிரிந்து புதுசாக. தைத்திருக்கவும் இல்லை, ஊசி குத்தியிருக்கவும் இல்லை. பாட்டில் நிறைந்து கழுத்தில் வழிந்தது. கிழவி நிமிர்ந்தாள். கண் இவள் முகத்துக்கு வந்தது, நின்றது, போயிற்று. "திரிமா காசி," என்றாள் மலாயில், கடைக்காரிக்குச் சொல்கிற மாதிரி. நன்றியாம். திரும்பி நடந்தாள், முட்டியைத் தாங்கிக்கொண்டு. கூப்பிடவில்லை. பிழைத்தோம் என்று ஒரு மூச்சு விட்டாள் பிரகாசி, விட்ட மூச்சு முடிவதற்குள் அந்த மூச்சே அவமானமாகிவிட்டது.

லாரி உறுமியது. கிழவியைக் கை கொடுத்து மேலே இழுத்துக்கொண்டார்கள். பாட்டிலை வாயில் வைப்பாள், இல்லை பக்கத்தில் கொடுப்பாள் என்று வரிசை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பின்பலகைக்கு வெளியே கையை நீட்டி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். தண்ணீர் மடக்மடக்கென்று ரோட்டில் விழுந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் பிடித்திருந்தாள், பிறகு ஒரு உதறு உதறினாள். தாகத்தில் நாக்குத் தள்ளிக் கிடந்த அந்த முப்பது பேரில் ஒருத்தி தடுக்கவில்லை, ஒருத்தி சத்தம் போடவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். லாரி போயிற்று. "அடி பாவி மட்டை!" வரிசை கொதித்தது. "நாம இங்க நாக்கு வறண்டு சாகுறோம்." "பைத்தியம் புடிச்சிருக்கு." செங்கமலம் காறித் துப்பினாள். "சாகப் போறப்பவும் திமிரைப் பாத்தியா? நம்ம கைத்தண்ணி ஆகாதாம்." எல்லோரும் பிரகாசியைப் பார்த்தார்கள். ஊற்றிக் கொடுத்தவள் இவள், ஏமாந்தவள் இவள், ஏதாவது சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சந்தேகம். பிரகாசி வாயைத் திறந்தாள். "செத்து ஒழியட்டும் கிழ நாய்," என்றாள். நல்ல தமிழில், ஒரு கோணலும் இல்லாமல். வரிசை சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் ரோட்டில் இருந்த ஈரம் வெயிலில் ஓரம் சுருங்கத் தொடங்கிவிட்டது. பிரகாசி அதையே பார்த்தாள். வலப்பக்கக் கிழிசல். பிள்ளைக்கு இல்லை, பிள்ளைக்குக் கிழித்தது அந்தப் பழைய காப்பி நிறக் கவுன். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. ஏழு நாள் கழிந்தால் கிழிசலை ஊசியால் கோத்துவிடுவார்கள், தைக்காத கிழிசல் என்றால் துக்கம் ஏழு நாளைத் தாண்டவில்லை. அப்பா. முகாமில் அப்பா செத்துவிட்டார், இந்த வாரத்தில். அதைத்தான் அம்மா வாய் நோகாமல் சொல்லிவிட்டுப் போகிறாள். அப்புறம்தான், அதற்கும் அப்புறம்தான், அடுத்தது இவள் தலையில் இறங்கியது. செத்தவளுக்கு யாராவது சாவு சொல்வார்களா? உயிரோடு இருக்கிற மகளுக்குத்தானே அப்பன் செத்த சேதி சொல்லி அனுப்புவார்கள். இந்தத் தெருவில் ஒருத்திக்குத்தான் அந்தத் தண்ணீர் புரியும், அவளுக்காகத்தான் கொட்டினாள். தாகத்தோடு கொட்டினாள். அப்படியானால் பெயர் எழுதின மேசை முன்னால் அப்பா சொன்னது பொய், காப்பாற்றச் சொன்ன பொய். பதினோரு வருஷமாகச் செத்துக் கிடந்தவளை அம்மா ஒரு பாட்டில் தண்ணீரில் எழுப்பி உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டாள். எழுப்பினாயே, என்றைக்கு எழுப்பினாய், எந்த இடத்தில் வைத்து எழுப்பினாய் அம்மா. நான் உன்னை நாய் என்றேனே, காதில் விழுந்திருக்குமா, லாரி அதற்குள் திரும்பியிருக்குமா? இடது கை தன்பாட்டில் ரவிக்கைக் கழுத்துக்கு ஏறியது, இடப்பக்கத்துக்கு, நெஞ்சுக்கு நேராக. துணியைக் கொத்தாகப் பிடித்தது. வலது கை வாளி வளையத்தில். வாளி சாய்ந்தது. சாய்ப்பது இவள் இல்லை, கைதான் சாய்க்கிறது. ஒரு சொட்டு மீதி வைக்கக் கூடாது. தண்ணீர் பாதத்தில் சில்லென்று விழுந்தது.

"ஏண்டி! ஏண்டி கொட்டுற?"

செங்கமலம். இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அந்தக் கிழவி கொட்டுனா, நீயும் கொட்டுற?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கேட்டு முடிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கண் சின்னதாயிற்று. இவள் மூக்கைப் பார்த்தது, கழுத்தில் இருந்த கையைப் பார்த்தது, லாரி போன திசையைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூக்குக்கு வந்தது. அரிசிச் சோற்று வாசம். தையல்காரனின் இரண்டு பெண்கள். பூட்டின கதவுக்குள்ளே செசிலி. பிரகாசி வாளியை நிமிர்த்தினாள். ரவிக்கையை விட்டாள். "மயக்கமா வருதுக்கா. காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல," என்றாள். குவளையை வாளியில் விட்டு மொண்டு, எல்லோரும் பார்க்க, தலையை அண்ணாந்து குடித்தாள். அப்பன் செத்த சேதி வந்த இடத்துத் தண்ணீர், கொட்டியிருக்க வேண்டிய தண்ணீர், மடக்கு மடக்காக இறங்கியது. செங்கமலத்தின் கண் இன்னும் நகரவில்லை. இன்னொரு குவளை மொண்டாள். அதையும் குடித்தாள். மூன்றாவது குவளையில் புரையேறி மூக்கிலும் கண்ணிலும் தண்ணீராக வந்தது. அழுகை என்று யாரும் சொல்ல முடியாது, புரையேறினால் யாருக்கும் அப்படித்தான் வரும்.

செங்கமலம் கிட்டே வந்தாள். முகம் இளகிவிட்டது. பிரகாசியின் உச்சந்தலையில் தட்டினாள், ஒரு தட்டு, இரண்டு தட்டு, நல்ல அழுத்தமாக.

"மெதுவாக் குடிடி. யாரோ உன்னை நெனைக்கிறாங்க."

"என்னை நெனைக்க யாருக்கா இருக்கா?" என்றாள் பிரகாசி. காலி வாளியையும் சாய்ந்துபோன அளவையும் பைப்பில் பிடித்து நிரப்பிக்கொண்டு, இரண்டு வாளியையும் தூக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் வீட்டுக்கு நடந்தாள்.